நாற்பத்தைந்து மணி நேரம் (விண்மீன் வழிப்போக்கர்கள் – 11)

சென்ற இதழில் தம்பியின் கதையைப் பார்த்தோம். 2023 ஜூலையில் பூமியிலிருந்து போன ஒரு தவறான கட்டளையால் வாயேஜர் 2 தன் ஆன்டெனாவை 2 டிகிரி திருப்பிக்கொண்டு முகம் கொடுக்காமல் இருந்தது. கான்பெரா நிலையத்திலிருந்து பெருங்குரலெடுத்துக் கூப்பிட்டதில், ஆகஸ்ட் 4 அன்று அது திரும்பிப் பார்த்தது. (தம்பி என்றாலும் முதலில் வீட்டை விட்டுக் கிளம்பியது அதுதான்: 1977 ஆகஸ்ட் 20. வாயேஜர் 1 கிளம்பியது செப்டம்பர் 5 அன்று. ஆனால் வியாழனுக்கு முதலில் போய்ச் சேரப்போவது இதுதான் என்று தெரிந்திருந்ததால் 1 என்று பேர் வைத்துவிட்டார்கள்.)

பாசடீனாவில், வாயேஜர்களை இயக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில், எல்லோரும் மூச்சு விட்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். நவம்பர் 14. இந்த முறை அண்ணன்.

சிக்னல் நின்றுபோயிருந்தால்கூட அவர்களுக்கு விஷயம் சட்டென்று புரிந்திருக்கும். சிக்னல் வந்துகொண்டிருந்தது. 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வழக்கமான அலைவரிசையில், வழக்கமான வலுவில் வந்தது. உள்ளே சரக்குதான் இல்லை. ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே வரிசை, திரும்பத் திரும்ப. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி. கட்டளை அனுப்பினால் வாங்கிக்கொள்கிறது, சொன்னபடி செய்கிறது. காது கேட்கிறது, கை கால் ஆடுகிறது, வாயைத் திறந்தால் உளறல்.

பத்திரிகைகளில் இது ஒரு பத்திச் செய்தியாக வந்தது. அந்த வாரத்துச் செயற்கை நுண்ணறிவுச் செய்திகளுக்கு நடுவே, பழைய விண்கலத்தில் கோளாறு என்று நாலு வரி. நானும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான். அந்த நாலு வரிக்குள் என்ன நடந்தது என்று பின்னால் தேடிப் படித்தபோதுதான் இந்தத் தொடரை எழுதும் ஆசையே வந்தது.

வாயேஜருக்குள் மூன்று வகைக் கணினிகள், வகைக்கு இரண்டு. ஒரு வகை கட்டளைகளைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வகைக்கு எஃப்டிஎஸ் என்று பேர். அறிவியல் கருவிகள் அளப்பதையும் கலத்தின் உடல்நிலை விவரங்களையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி, வானொலிப் பெட்டியிடம் கொடுப்பது அதன் வேலை. எல்லாக் கணினிகளின் நினைவகத்தையும் கூட்டினாலும் 70 கேபி தேறாது. பொட்டலங்கள் பூமிக்கு வரும் வேகம் நொடிக்கு 160 பிட். காலையில் உங்கள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் போடுகிற ரோஜாப்பூ வணக்கப் படம் 100 கேபி என்று வையுங்கள். வாயேஜர் அதை அனுப்பி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

எஃப்டிஎஸ்ஸுக்கு ஒரு பூர்வகதை உண்டு. அதற்கு வைத்த நினைவகம், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரகம். விண்வெளியில் அதுவரை அப்படி ஒன்றை யாரும் வைத்ததில்லை. வேகம் வேண்டுமென்றால் அதுதான் வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் நின்றார்கள். மின்சாரம் போனால்? புளூட்டோனிய மின்கலத்திலிருந்து நேராக ஒரு தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒயரிலேயே மின்சாரம் போகும் நாள் வந்தால், அன்றைக்குக் கலமே போய்விட்டது என்று அர்த்தம். நினைவகத்துக்கு யார் அழப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். வாதம் பலித்தது. 46 ஆண்டு ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் கட் இல்லை. நம்மில் யார் வீட்டிலும் அப்படி ஓர் இணைப்பு கிடையாது.

எஃப்டிஎஸ்ஸும் இரண்டுதானே, மற்றதைப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வாயேஜர் 1இல் அந்த மற்றது 1980களின் தொடக்கத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றுதான் இப்போது உளறிக்கொண்டிருந்தது.

முதலில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியத்தைத்தான் அவர்களும் செய்தார்கள்: அணைத்துப் போடு. எஃப்டிஎஸ்ஸை மறுதொடக்கம் செய்யச் சொல்லிக் கட்டளை போனது. பலன் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தில் போகும் கட்டளை வாயேஜர் 1ஐத் தொட அப்போது இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஒரு கேள்விக்கு விலை 45 மணி நேரம். தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் பலகையாவது கண்ணுக்குத் தெரியும்.

ஒத்திகை பார்க்க பூமியில் இதைப் போன்ற இன்னொரு இயந்திரமும் இல்லை. நிரலை எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது, சிலர் உயிரோடும் இல்லை. கையில் இருந்தவை 1970களின் காகிதங்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இப்படி ஒரு சிக்கல் வரும் என்று நினைத்தே பார்க்காதவர்கள் எழுதிய குறிப்புகள் அவை. அவற்றில் ஓர் அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று புரிந்துகொள்ளவே வாதம் நடக்கும். தவறான கட்டளை போய்விட்டால் இருக்கிற பேச்சும் நின்றுவிடலாம் என்ற பயம் வேறு. டிசம்பர் போயிற்று, ஜனவரியும் போயிற்று. பிப்ரவரியில் திட்ட மேலாளர் சுசான் டாட், இது மீண்டு வந்தால் பெரிய அற்புதம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர்கள் காத்திருக்கிற நேரத்தில் நாம் ஒரு சொந்தக் குறையைப் பேசிக்கொள்வோம். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று மேலே சொன்னேனே, நிஜமாகவே ஓர் இசைத்தட்டு அந்தக் கலத்தின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. தங்க முலாம் பூசிய செம்புத் தட்டு. வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வணக்கம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தி, வங்கம், மராத்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு. சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. பாட்டு வரிசையில் கேசர்பாய் கேர்கர் பைரவி பாடுகிறார். தமிழர்களை விலக்கி வைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசர அவசரமாக, கைக்கெட்டிய ஆட்களை வைத்துப் பதிவு செய்த வேலை அது. இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் கல்யாண வீட்டில் பத்திரிகை வராத சொந்தக்காரன் மாதிரி ஒரு சுருக் வரத்தான் செய்கிறது.

சரி, 2024 மார்ச் 1க்கு வருவோம்.

அன்றைக்கு அனுப்பிய கட்டளைக்குக் குழுவினர் வைத்த பேரைத் தமிழில் சொன்னால் 'சுண்டிப் பார்ப்பது'. உன் நிரலை வரிசையாக ஓட்டாதே, நடுவில் சில பகுதிகளைத் தாண்டிக் குதித்து ஓட்டிப் பார் என்று எஃப்டிஎஸ்ஸுக்குச் சொல்வது. கெட்டுப்போன இடம் எங்கேயோ இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் ஏதாவது வித்தியாசமாகச் சொல்லுமா என்ற நப்பாசை.

மார்ச் 3, ஞாயிறு. பதில் வந்தது. பழைய உளறல் இல்லை. நல்ல நாளில் எஃப்டிஎஸ் அனுப்பும் பொட்டலம் போலவும் இல்லை. இது என்ன, புது உளறலா? குழுவினருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தச் சரத்தை அவிழ்த்தவர் வாயேஜர் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. பூமியைச் சுற்றி மூன்று இடங்களில் காது வைத்திருக்கும் ஆழ்விண்வெளி வலையமைப்பின் பொறியாளர் ஒருவர். மார்ச் 7 அன்று எண்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 10ஆம் தேதி சங்கதி தெளிவாகிவிட்டது. வந்திருந்தது எஃப்டிஎஸ்ஸின் நினைவகம், முழுசாக, ஆதி முதல் அந்தம் வரை. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு நோயாளி தன் ஸ்கேனையே எடுத்து அனுப்பிவிட்டார்.

கோளாறுக்கு முன் வந்திருந்த நினைவகப் பிரதி ஒன்று கைவசம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் 'சொற்கள்' கொண்ட நினைவகத்தில் 3 விழுக்காடு, அதாவது 250 சொல் அளவுக்குச் சிதைந்திருந்தது. சிதைந்தவை எல்லாம் ஒரே சில்லில் குடியிருந்தவை. விண்வெளியிலிருந்து வந்த ஆற்றல்மிக்க துகள் ஏதாவது அதைத் தாக்கியிருக்கலாம். இல்லையென்றால் 46 வயதில் தானாகவே ஓய்ந்திருக்கலாம்.

சில்லை மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலை வேறு இடத்தில் குடியேற்றலாம். அங்கேதான் அடுத்த முடிச்சு: அத்தனை நிரலையும் ஒட்டுமொத்தமாக வைக்கும் அளவுக்கு நினைவகத்தில் எங்குமே காலி இடம் இல்லை. கூட்டுக் குடும்பத்தை ஒரே வீட்டில் வைக்க முடியாமல் தெருவில் கிடைத்த அறைகளில் பிரித்து வைப்பதுபோல, நிரலைத் துண்டு துண்டாக வெட்டி அங்கங்கே கிடைத்த சந்துகளில் திணிக்க வேண்டும். பிரித்தாலும் அது ஒரே நிரலாக ஓட வேண்டும். இன்ன வேலைக்கு இன்ன முகவரிக்குப் போ என்று நினைவகத்தில் எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ, அங்கெல்லாம் முகவரியைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் நிரல் இடிந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை. கலத்தின் உடல்நிலை விவரத்தைப் பொட்டலம் கட்டும் பகுதியை மட்டும் முதலில் எடுத்தார்கள். ஏப்ரல் 18 அன்று கட்டளை கிளம்பியது. மறுநாள் தமிழ்நாட்டில் நாம் மக்களவைத் தேர்தலுக்கு வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டோம். மை காய்ந்துகொண்டிருந்த அந்த நாளில்தான் அந்தச் சில நூறு எண்கள் மேலே சூரியக் குடும்பத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

ஏப்ரல் 20, சனிக்கிழமை. விடுமுறை நாளிலும் ஜேபிஎல்லின் கூட்ட அறை ஒன்றில் நீள மேசையைச் சுற்றிக் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் வேர்க்கடலை கொறிப்பது அந்த நிறுவனத்தில் 1964இல் நிலவுக்குப் போன ரேஞ்சர் 7 காலத்திலிருந்து வரும் சடங்கு. நம்மூரில் புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி. திரையில் எண்கள் வந்தன. வெப்பநிலை, மின்னழுத்தம் என்று சாதாரண, சலிப்பூட்டுகிற எண்கள். ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் படிக்க முடிந்த எண்கள். அன்று எடுத்த படத்தில் பாருங்கள், கையைத் தூக்கிக் கூவிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நரைத்த தலைகளும் தெரியும்.

மே மாதம் இரண்டு அறிவியல் கருவிகளின் தரவு திரும்பியது. ஜூன் 13 அன்று நான்கு கருவிகளும் வேலை செய்கின்றன என்று நாசா அறிவித்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 9 அன்று, எட் ஸ்டோன் தம் 88ஆம் வயதில் காலமாகியிருந்தார். 1972 முதல் 2022 வரை ஐம்பது ஆண்டு வாயேஜரின் தலைமை அறிவியலாளராக இருந்தவர். கலம் மறுபடி பேசத் தொடங்கிய பிறகே போனார். அந்த மட்டும் கொடுத்துவைத்தவர்.

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல கதை. அக்டோபர் வந்தது.

1977இல் 470 வாட் கொடுத்த மின்கலம் ஆண்டுக்கு 4 வாட் வீதம் தேய்ந்துகொண்டே வருகிறது. சிக்கனத்துக்காகக் கலத்தின் ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்து வந்தார்கள். அக்டோபர் 16 அன்று அவற்றில் ஒன்றைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு கட்டளை போனது. சின்ன வேலைதான். அதற்கு மின்சாரம் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

18ஆம் தேதி பதில் வர வேண்டிய நேரத்தில் வழக்கமான இடத்தில் சிக்னல் இல்லை. ஏதோ ஒரு தற்காப்பு ஏற்பாடு உள்ளே தட்டப்பட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வாயேஜர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது என்று யூகித்துத் தேடினார்கள். அன்றைக்கே கண்டும் பிடித்தார்கள். கலம் நிதானமாகத்தான் இருந்தது.

19ஆம் தேதி அந்தத் தாழ்ந்த குரலும் நின்றது.

இந்த முறை உளறல்கூட இல்லை. மாட்ரிட், கான்பெரா, கோல்ட்ஸ்டோன், எந்தக் காதிலும் வழக்கமான அலைவரிசையில் ஒன்றும் விழவில்லை. தற்காப்பு ஏற்பாடு மறுபடியும் தட்டப்பட்டு, வானொலிப் பெட்டியையே கலம் அணைத்துவிட்டதோ? அப்படியானால் அது இன்னொரு பெட்டிக்கு மாறியிருக்க வேண்டும். வேறு அலைவரிசை, அதைவிட மிக மங்கலான குரல். இத்தனை தூரத்திலிருந்து அந்தக் குரல் பூமிக்குக் கேட்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டியைக் கடைசியாகப் போட்டது 1981இல். வாயேஜர் 1 அப்போதுதான் சனியைத் தாண்டியிருந்தது.

(தொடரும்)