பிரிக்க முடியாத ஈயம்

மான்செஸ்டரில் ஒரு விடுதி. ஞாயிற்றுக்கிழமை சமைத்த இறைச்சியின் மிச்சம்தான் வாரம் முழுக்க வெவ்வேறு பெயரில் தட்டுக்கு வருகிறது என்று அங்கே தங்கியிருந்த ஹங்கேரி இளைஞருக்குச் சந்தேகம். வீட்டுக்காரம்மாவோ, தினமும் புதுக்கறிதான் என்று சாதித்தார். ஒரு ஞாயிறன்று தட்டில் மிச்சம் வைத்ததில் அந்த இளைஞர் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்து மேசைக்கு வந்த பதார்த்தத்தை மின்காட்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

பின்னாளில் அவரே சொல்லி மகிழ்ந்த கதை இது. அவர் பெயர் ஜார்ஜ் டி ஹெவெசி (1885–1966).

அமெரிக்க அணு மருத்துவச் சங்கத்தின் முன்னோடி விருது 1960 முதல் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. அது சாதித்து முடித்தவர்களுக்கானது. வளரும் ஆய்வாளர்களுக்கென்றே அங்கு மார்க் டெட்டல்மன் நினைவு விருது உண்டு. ஐரோப்பியச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டின் சிறந்த ஆய்வுக்கு மேரி கியூரி பெயரில் பரிசு தருகிறது. இளையவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க உட்காரும் நடுவர்கள் வழக்கமாகப் பார்ப்பது முடிவுகளை. 1912இல் ஹெவெசி அவர்கள் முன் நின்றிருந்தால் காட்ட அவரிடம் இருந்தது ஒரு தோல்விதான்.

யுரேனியத் தாதுவிலிருந்து எடுத்த ஈயம் மான்செஸ்டரில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் குவிந்து கிடந்தது. அதற்குள் ‘ரேடியம்-டி’ என்ற கதிரியக்கப் பொருள் ஒளிந்திருந்தது. அதைப் பிரித்துக் கொடு என்பது ஹெவெசிக்கு இட்ட பணி. ஏறக்குறைய இரண்டு ஆண்டு போராடினார். தெரிந்த வேதிமுறை எதுவும் பலிக்கவில்லை. பலிக்கவும் முடியாது. ரேடியம்-டி என்பதே ஈயத்தின் இன்னொரு ஐசோடோப்பு, ஈயம்-210.

அப்புறம் வந்தது திருப்பம். பிரிக்கவே முடியாதென்றால், ஈயம் போகுமிடமெல்லாம் இதுவும் போகும். போன இடத்தைத் தன் கதிரால் சொல்லும். 1913இல் வியன்னாவில் ஃபிரீட்ரிக் பானெத்துடன் சேர்ந்து, நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும் ஈய உப்புகளின் கரைதிறனை இந்த உளவாளியை வைத்தே அளந்தார். 1923இல் அவரைச் செடியின் வேரைக் கதிரியக்க ஈயக் கரைசலில் வைத்து, எவ்வளவு வேரில் தங்குகிறது, எவ்வளவு இலைக்கு ஏறுகிறது என்று கணக்கெடுத்தார். 1935இல் கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்கு ஊட்டினார். எலும்பு கட்டிமுடித்த சுவர் அல்ல, அதன் அணுக்கள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று தெரிந்தது. 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் இந்தச் சுவடறியும் முறைக்குத்தான்.

இன்று பெட் ஸ்கேனுக்கு வருபவர் வெறும் வயிற்றோடு வருகிறார். கனத்த உலோகக் கவசமிட்ட ஊசியிலிருந்து ஃப்ளூரின்-18 ஒட்டிய சர்க்கரை நரம்பில் ஏறுகிறது. பிறகு சுமார் ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்கச் சொல்கிறார்கள். தசை அசைந்தால் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். 110 நிமிடத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும் என்பதால் எல்லாமே கடிகாரத்தோடு ஓட்டம். சர்க்கரையோடு சர்க்கரையாகக் கலந்து, பசித்த புற்றுக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் இந்த உத்தி விடுதிக் கறியில் நடந்ததேதான்.

ஹெவெசியைப் பற்றி எழுதும்போது பதக்கக் கதையை விட்டுவிட முடியாது. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்கள் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது அப்போது அங்கே கடுங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. புதைக்கலாம் என்றார் ஹெவெசி. தோண்டி எடுத்துவிடுவார்கள் என்றார் போர். ஆகவே தெருவில் படை நடக்க, ஹெவெசி இரண்டையும் ராஜதிராவகத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். சோதனையிட வந்தவர்கள் அலமாரியில் இருந்த ஜாடியைப் பொருட்படுத்தவில்லை.

உலகப்போர் முடிந்து ஹெவெசி வந்து பார்த்தபோது ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது. கரைசலிலிருந்து பிரித்த பொன் ஸ்டாக்ஹோமுக்குப் போனது. நோபல் அறக்கட்டளை அதிலிருந்தே இரு பதக்கங்களையும் மறுபடி வார்த்து உரியவர்களிடம் சேர்த்தது.