மஞ்சள் சிவந்த கதை

போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது காதுக்கு முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம். மறுநாள் வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. பல் டாக்டர், தாடை மூட்டில் அழற்சி என்றார். அம்மாச்சி டாக்டர் சீட்டைப் பார்க்கவே இல்லை. மஞ்சள்தூளில் துளி சுண்ணாம்பைக் குழைத்து, இரும்புக் கரண்டியில் சூடுபண்ணி, கன்னத்தில் பத்துப் போட்டுவிட்டாள். “கெடக்கட்டும், காலைல வத்திரும்.”

கண்ணாடியில் பார்த்தேன். பத்து ரத்தச் சிவப்பாக இருந்தது. ஆரத்தித் தட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்த நிறம்தான். வாயைத் திறக்க முடியாதவனுக்கு வேறென்ன வேலை? அந்தச் சிவப்புக்குப் பின்னாலேயே போனேன்.

சுண்ணாம்பு ஒரு காரம். காரம் பட்டால் மஞ்சளின் நிறமி சிவக்கும். ஐரோப்பிய வேதியியலாளர்களுக்கும் இது தெரியும். மஞ்சள் தோய்த்த தாளை வைத்துக் காரத்தைச் சோதித்தார்கள். 1815-ல் ஃபோகல், பெல்த்தியே இருவரும் அந்த நிறமியைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் குர்குமின். இதே பெல்த்தியேதான் 1820-ல் கவாந்துவுடன் சேர்ந்து குயினைனையும் பிரித்தவர். குயினைன் சீக்கிரமே மலேரியா மருந்தாகிவிட்டது. குர்குமினுக்கு அந்த வேகம் இல்லை. அதன் மூலக்கூறு அமைப்பு தெரியவே 1910 ஆனது.

தாடை மூட்டு மருத்துவர்கள் கண்ணில் பட அதைவிடத் தாமதம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், 1934-ல் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். காதில் தொந்தரவு என்று வந்தவர்களுக்குக் கோளாறு தாடை மூட்டில் என்றார். பல் விழுந்து கடி இறங்குவதால் மூட்டு அழுத்தப்படுகிறது என்பது அவர் விளக்கம். உடற்கூறியலாளர்கள் பிற்பாடு அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனாலும் அந்த மூட்டைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர்தான்.

விசித்திரமான மூட்டு அது. கதவுக் கீல் மாதிரி சுழலும், மேஜை டிராயர் மாதிரி முன்னால் நகரவும் செய்யும். எலும்பு முனைகளில் நார்க் குருத்தெலும்பு, நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்தால் லேசில் வளராது. அழற்சி முற்றினால் அங்குள்ள செல்களே தங்களைச் சுற்றியுள்ள குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்கும்.

எலியின் தாடை மூட்டுச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அழற்சியைத் தூண்டி, குர்குமின் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழற்சி அடங்குகிறது. படித்ததும் “அம்மாச்சி ஜெயிச்சுட்டா!” என்று துள்ளினேன்.

துள்ளியதற்குக் காரணம் பள்ளியில் கேட்ட ஒரு கதை. 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்துப் போனது. அப்போது தலைவர் மஷேல்கர். பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சாட்சியாக வைத்தார்கள். 1997-ல் காப்புரிமை ரத்தானது.

நியாயமான வெற்றி. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘இது புதுசா?’ என்பது மட்டும்தான். ‘இது வேலை செய்யுமா?’ என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டிகளின் சாட்சி முதல் கேள்விக்குத் தாராளமாகப் போதும். இரண்டாவதற்குப் போதாது. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

ஏன் போதாது? தட்டிலிருக்கும் செல்லுக்கு மருந்தை நேரே ஊற்றலாம். நாம் விழுங்கும் குர்குமின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதே கொஞ்சம். குடலும் கல்லீரலும் சீக்கிரம் மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்து, உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதாக எழுதினார்கள். மஞ்சள் மிளகுப் பால் குடித்து வளர்ந்த நமக்கு இனிக்கும் செய்திதான். ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவு இருபது மடங்கு கூடினாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். மிளகு சேர்த்த குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2017-ல் ஒரு மருந்து வேதியியல் இதழில் வந்த நீண்ட மதிப்பாய்வு, குர்குமின் நிலையற்றது, உடலில் சேராதது, பல சோதனைகளில் பொய்யான நம்பிக்கை தருவது என்று பட்டியலிட்டது.

எனக்கு மூன்று வாரத்தில் வலி குறைந்தது. மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், டாக்டர் சொன்ன பயிற்சி, அம்மாச்சியின் பத்து என்று எல்லாமே நடந்தது. எதுவுமே செய்யாமல் தானாக ஆறும் தாடைவலியும் நிறைய உண்டு. வெற்றியை யார் கணக்கில் எழுதுவது?

இதையெல்லாம் அம்மாச்சியிடம் சொன்னேன். காப்புரிமை, எலி, குடல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நான் எப்படா அத மருந்துன்னு சொன்னேன்? ராத்திரி பூரா மொனகிட்டு கெடந்த. சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் கொட்டாவி விட்டால் ‘டொக்’கென்கிறது. முறுக்கை மட்டும் அம்மாச்சி நொறுக்கித்தான் கொடுக்கிறாள்.