பனி ஊர் சார்ஜரும் ஸ்ரீபெரும்புதூர் வெயிலும்

கனடா, நார்வே பக்கம் இருக்கிற நம்ம மக்கள் இப்போ வீட்டுச் சுவர்ல பேட்டரி மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கூரையில சோலார், வெளிச்சுவர்ல பேட்டரி. "மைனஸ் 20ல இது வேலை செய்யுமா?"ங்கிறதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. நம்மூர்ல வெயில்ல இன்வர்ட்டர் பேட்டரி சாகிற கதையே பேசித் தீராது, இதுல பனியைப் பத்தி எங்கே பேசறதுன்னு நினைக்காதீங்க. அந்தக் கேள்விக்கான பதிலோட ஒரு துண்டு நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல கிடக்கு.

கதை பின்லாந்துல ஆரம்பிக்குது. வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, கெமியார்வின்னு ஒரு சின்ன ஊர். குளிர்காலத்துல மைனஸ் 30 எல்லாம் அங்கே சகஜம். 1970களில் அங்கே தொடங்கின ஒரு மின்கருவி உதிரிபாகத் தொழில்தான் பின்னாளில் 'சால்காம்ப்' ஆச்சு. கொஞ்ச காலம் நோக்கியா குழுமத்தின் கீழ் இருந்தது, 1990களின் கடைசியில் தனியாகப் பிரிந்தது. நாம கையில வெச்சிருந்த நோக்கியா போன்களுக்குச் சார்ஜர் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இவர்கள்தான். ஆனா உற்பத்தியைச் சீனாவுக்கு நகர்த்தி, 2004இல் கெமியார்வி ஆலையை மூடிட்டாங்க. சின்ன ஊர், பெரிய அடி.

இந்தப் பக்கம் 2006இல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கூடவே உதிரிபாகக் கம்பெனிகளும் அதே வளாகத்துக்குள்ள வந்தன. சால்காம்பும் வந்தது. பனி ஊரில் பிறந்த சார்ஜர் தொழில் 40 டிகிரி வெயிலுக்குக் குடிவந்தது இப்படித்தான். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்கள்லேர்ந்து கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போன பெண் பிள்ளைகள் கையால் அது நடந்தது.

சரி, குளிருக்கும் சார்ஜருக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் விஷயமே.

குளிர்ல பேட்டரி 'செத்துப் போகும்'னு பொதுவா சொல்வாங்க. அது பாதி உண்மை. பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது குளிர் அதை மந்தமாக்கும், அவ்வளவுதான். உள்ளே ரசாயனம் மெதுவா நகரும், கொடுக்கிற அளவு குறையும். சூடானதும் பழையபடி ஆயிடும். ஆபத்து ஏத்தும்போதுதான். சாதாரண லித்தியம் பேட்டரியில சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள்ள போய் உட்காரணும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அவை வேகமா உள்ளே நுழைய முடியாம, வெளியிலேயே உலோகமாப் படிஞ்சிடும். நிறைஞ்ச பஸ்ஸில படிக்கட்டுல தொங்கற மாதிரி. படிஞ்சதுல ஒரு பகுதி திரும்ப வராது, பேட்டரியோட கொள்ளளவு நிரந்தரமா குறையும். ஊசி மாதிரி வளர்ந்தா உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு.

1991இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1997இல் டெக்சாஸில் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பத்தி எழுதினாங்க (முதல் இரண்டு பேரும் நம்ம நாட்டுக்காரங்க). இன்றைய வீட்டுப் பேட்டரிகள்ல பல அந்த வகைதான். வெப்பத்தை நல்லாத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். குளிர்ல மட்டும் கொஞ்சம் சோம்பேறி. ஆக, எந்த ரசாயனமானாலும் 'இப்போ ஏத்தாதே'ன்னு சொல்ல ஒரு காவல்காரன் வேணும். அந்த வேலை பேட்டரிக்குள்ள இருக்கிற கட்டுப்பாட்டு சர்க்யூட்டும், மின்சாரத்தைத் தர்ற சார்ஜரும் சேர்ந்து பண்றது.

நம்ம ஆலைக் கதைக்குத் திரும்புவோம். 2013இல் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல வரி கேட்டு வருமான வரித்துறை நோக்கியாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த வழக்குச் சிக்கலால் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கும்போது இந்த ஆலை மட்டும் கணக்கில் சேரலை. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போச்சு. 20 வயசுல சேர்ந்து, 28 வயசுல 'விருப்ப ஓய்வு' வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் முன்னாடி கெமியார்வி பார்த்ததை ஸ்ரீபெரும்புதூரும் பார்த்தது.

2019 நவம்பரில், மூடிக் கிடந்த அந்த ஆலையை சால்காம்ப் வாங்குவதாக அன்றைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார். அதற்குள் சால்காம்பே சீனக் குழுமம் ஒன்றின் கைக்குப் போயிருந்தது. 2020-21 வாக்கில் அமெரிக்காவின் என்ஃபேஸ் கம்பெனிக்காகத் தமிழ்நாட்டில் மைக்ரோ இன்வர்ட்டர்கள் செய்ய ஆரம்பித்தது சால்காம்ப். சோலார் பலகைக்குக் கீழே மாட்டுற சின்னப் பெட்டி அது. அந்தக் கம்பெனியின் வீட்டுப் பேட்டரிக்குள்ளயும் மைக்ரோ இன்வர்ட்டர்கள்தான் உட்கார்ந்திருக்கு. மின்சாரத்தை உள்ளே விடறதும் வெளியே எடுக்கறதும் அவைதான். சார்ஜர் செய்து பழகின தொழில், பேட்டரிச் சுவர் வரைக்கும் வந்துடுச்சு.

அந்த வகைப் பேட்டரியின் விவரத்தாளைப் பாருங்க. மைனஸ் 15லிருந்து 55 டிகிரி வரை வேலை செய்யும், ஆனா 0லிருந்து 30தான் உகந்ததுன்னு போட்டிருக்கும். டெஸ்லா 2016இல் அறிமுகப்படுத்திய இரண்டாவது பவர்வாலுக்கு மைனஸ் 20லிருந்து 50. அதுல திரவம் ஓட விட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்துற ஏற்பாடு உண்டு. 'வேலை செய்யும்'ங்கிறதும் 'உகந்தது'ங்கிறதும் ஒண்ணு இல்லைங்க. வாங்கறவங்க முதல் எண்ணை மட்டும் பார்க்கிறாங்க.

அதனால குளிர் தேசத்து நண்பர்களுக்கு:

முடிஞ்சா வெளிச்சுவரை விட கராஜ் நல்லது. உள்ளூர் தீ விதிகளைப் பார்த்துக்குங்க.

பனிக்காலக் காலையில வெயில் அடிச்சும் பேட்டரி உடனே ஏறலைன்னா பயப்படாதீங்க. காவல்காரன் வேலை செய்யறான்னு அர்த்தம்.

பழைய லெட் ஆசிட் பேட்டரி வெச்சிருந்தா முழுசா சார்ஜ் ஏத்தியே வையுங்க. சார்ஜ் இறங்கின பேட்டரியோட ஆசிட் ஏறக்குறைய மைனஸ் 10லேயே உறைய ஆரம்பிச்சிடும். முழு சார்ஜ்ல இருந்தா மைனஸ் 50லயும் உறையாது.

நம்மூர்க்காரங்களுக்கு இதன் மறுபக்கம். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரி ஆயுள் தோராயமா பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் வாடகை வீடுகளில் மொட்டை மாடி ஷெட்ல இன்வர்ட்டர் வெச்சிருக்கிறவங்க, அதைக் கீழே நிழலுக்கு இறக்குங்க.

பேட்டரி தாங்கற குளிருக்கும் வெயிலுக்கும் விவரத்தாளில் ஒரு எல்லை போட்டிருக்கு. அதைச் செய்யற ஊர் எத்தனை தடவை மூடலைத் தாங்கும்னு எந்தத் தாளிலும் இல்லை. கெமியார்வியில 2004, இங்கே 2014. உங்க ஊர்ப் பனியில பேட்டரி எப்படி ஓடுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நோக்கியாவுல வேலை பார்த்தவங்க யாராவது படிச்சா, அவங்க அவசியம் எழுதணும்.