வாழை முடிக்கொத்து வைரஸ்

வாழை முடிக்கொத்து வைரஸ், வாழையின் சாற்றுக் குழாய்களில் பெருகி, இலைகளை உச்சியில் கொத்தாகக் குவித்து, மரத்தைக் குலை தள்ளவிடாமல் முடக்கும் தாவர வைரஸ். வாழையைத் தாக்கும் வைரஸ்களில் மிகக் கொடியதாகக் கருதப்படுவது இது. கீழ்ப்பழனி மலையில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குரிய விருப்பாட்சி வாழையின் பரப்பு சுருங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம். இவ்வைரஸை ஆராயும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்குகிறது. அதன் வளாகம் தாயனூரில் உள்ளது.

நோய்க்குறிகள்

இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நரம்புகளில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தந்திக் குறிகளைப் போல விட்டுவிட்டுத் தெரியும். அடுத்து வரும் இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளித்து, விறைத்து நிமிரும், மடித்தால் முறியும். இளம்பருவத்தில் தொற்றினால் தார் வராது. பிந்தித் தொற்றினால் தார் வந்தாலும் காய்கள் கோணிச் சிறுக்கும். தாய்மரத்தின் நோய் பக்கக்கன்றுகளுக்கும் இறங்கும்.

அமைப்பும் வகைப்பாடும்

வைரஸ் துகளின் விட்டம் 18 முதல் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 50,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம். புரத உறைக்குள் ஒற்றை இழை டி.என்.ஏ. வளையம் இருக்கும். மரபுத்தொகுதி மொத்தம் ஆறு வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,000 எழுத்துகளே. நானோவிரிடே குடும்பத்தில் பாபுவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ‘பாபு’ என்பது வாழைக்கும் கொத்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது.

பெருகும் விதம்

வைரஸுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. படியெடுக்கும் நொதி கிடையாது. வாழைச் செல்லின் உட்கருவில் நுழைந்ததும், செல்லின் நொதியே அதன் ஒற்றை இழையை இரட்டையாக்கிக் கொடுக்கிறது. பின்னர் வைரஸின் தொடக்கப் புரதம் வளையத்தில் ஓரிடத்தை வெட்ட, நூற்கண்டு உருண்டபடி நூல் பிரிவதைப் போலப் புதுப் படிகள் பிரிகின்றன. ஓய்ந்திருக்கும் செல்லில் இந்த வேலை நடக்காது என்பதால், செல்லைப் பிரியும் நிலைக்குத் தள்ளவும் வைரஸிடம் ஒரு புரதம் உண்டு.

மரத்திலிருந்து மரத்துக்கு இதைக் கொண்டுசெல்வது வாழை அசுவினி. பூச்சியின் உடலில் வைரஸ் தங்குமே தவிரப் பெருகாது. வெட்டரிவாளாலோ கைபட்டோ இது பரவுவதில்லை; நெடுந்தூரம் போக மனிதன் எடுத்துச்செல்லும் கன்றுதான் வழி.

வரலாறு

பிஜித் தீவில் 1889-லேயே நோய் பதிவானது. வைரஸ் என்ற கருத்துக்கு அடித்தளமிட்ட இவானோவ்ஸ்கியின் புகையிலைச் சோதனை 1892-இல்தான் வந்தது. 1913-இல் பிஜியிலிருந்து போன கன்றுகளோடு நோய் ஆஸ்திரேலியாவில் இறங்கியதாகக் கருதப்படுகிறது. 1920-களின் நடுவில் அங்கு வாழைத் தொழிலே முடங்கியது. காரணம் வைரஸ் என்றும், கடத்துவது அசுவினி என்றும் நிறுவியவர் சி. ஜே. பி. மகீ, அவருடைய ஆய்வு 1927-இல் வெளியானது. நோயுற்ற மரங்களை அழித்து, கன்றுப் போக்குவரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியதில் ஆஸ்திரேலியத் தோட்டங்கள் மீண்டன.

இலங்கையில் நோய் தென்பட்டதும் 1913-இல்தான். அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்து, பிறகு தமிழக மலைத்தோட்டங்களை அடைந்தது. துகள்கள் பிரித்தெடுக்கப்பட்டு மரபுத்தொகுதி படிக்கப்பட்டது 1990-களில்.

கட்டுப்பாடு

தொற்றிய மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன் பிறகே மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். முறை மாறினால் அசைவில் கலையும் பூச்சிகள் பக்கத்து மரத்தில் ஏறிவிடும். தொற்றிய கன்றில் குறி தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அது வேறு ஊரில் நடப்பட்டிருக்கலாம். திசு வளர்ப்புக்கு எடுக்கும் தாய்க்கன்றுகளை எலிசா, பி.சி.ஆர். சோதனைகளில் தேறிய பின்பே பெருக்குவது அதனால்தான்.