கொப்பத்துப் புண்ணும் திருமுக்கூடல் ஆதுலசாலையும்

கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் வானளாவிய விமானமும் சோழகங்கம் என்னும் பேரேரியும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரை ஆண்டோர் பெற்ற வெற்றிகளை நாம் நன்கறிவோம். அவ்வெற்றிகளுக்காக அவர்கள் ஏற்ற புண்களையோ நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

கி.பி. 1054-இல் கொப்பம் என்னுமிடத்தில் சோழரும் மேலைச் சாளுக்கியரும் கடும்போர் புரிந்தனர். முதலாம் இராசேந்திரனின் மைந்தனாகிய இராசாதிராசன் யானைமீதிருந்தவாறே பகைவர் அம்புக்கு இரையானான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுக்கள் அவனைக் குறிக்கின்றன. சோழர் படை கலங்கியது. அவ்வேளையில் அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்தின் நடுவே புகுந்தான். பகைவர் எய்த அம்புகள் அவன் யானையின் நெற்றியிலும், அவனுடைய தொடையிலும் தோளிலும் தைத்தன என அவனது மெய்க்கீர்த்தி கூறுகின்றது. ஆயினும் அவன் பின்வாங்கவில்லை. வென்று, களத்திலேயே முடி சூடினான். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அரசாண்டான்.

தொடைப்புண் எளியதன்று. தொடையிலே பெரிய இரத்தக் குழாய் ஓடுகின்றது. அது அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். இடுப்பெலும்பு நொறுங்கினாலோ, வெளியே ஒரு துளியும் தெரியாமலே உள்ளே லிட்டர் கணக்கில் குருதி பெருகலாம். வளர்ந்த மனிதன் உடலில் உள்ளதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். இக்காலத்தில் இடுப்பைச் சுற்றி அகன்ற பட்டையை இறுகக் கட்டுகிறார்கள். பிறர் குருதியை ஏற்றுகிறார்கள். 1901-இல் லாண்டுஸ்டைனர் குருதிப் பிரிவுகளைக் கண்டறிந்த பின்னரே இது அச்சமின்றிச் செய்யத்தக்கதாயிற்று.

அக்காலத்தவர் வழியற்று நின்றனரோ? இல்லை. உடலில் தைத்த அம்பை எடுக்கும் முறைகளைச் சுசுருதர் நூல் விரிவாகக் கூறுகின்றது. துவர்ப்பு மருந்து, குளிர்ச்சி, சாம்பல், சூடு என்பன கொண்டு குருதியை நிறுத்தும் நால்வகை வழிகளையும் அது வகுத்துரைக்கின்றது.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. இராசேந்திரனுக்குப் பின் அரியணை ஏறிய தம்பி வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ளது. அங்கே 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை 15 படுக்கைகளுடன் நடைபெற்றது. கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன் என்பார் அதன் மருத்துவர். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து சமைக்க இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இது போர்வீரர்க்கென ஏற்பட்டதன்று; வேதக் கல்லூரி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் ஆனது. எனினும், சத்திரக்காரன் ஒருவனுக்கு நிலையான இடமளித்த அரசு அது என்பது தெளிவாகின்றது.

களத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் விடுவதும் அந்நாளைய வழக்கம். சிந்திய குருதிக்கு நிலம் கொடுத்தது ஓர் அறம். குருதி சிந்தியவனைப் பிழைக்கவைக்க முயன்றது மற்றோர் அறம். விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, மாணவர்களே, திருமுக்கூடலின் 15 படுக்கைகளையும் நினைவில் கொள்ளுங்கள். சோழர் பெருமையில் அவற்றுக்கும் பங்குண்டு.