படப்புள்ளிக் குறைபாடு

கணினித் திரையில் படம் மாறினாலும் தான் மாறாமல், ஒரே நிறத்திலோ இருட்டாகவோ நின்றுவிடும் புள்ளியைப் படப்புள்ளிக் குறைபாடு என்பர். ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட புள்ளி ‘ஸ்டக் பிக்சல்’ என்றும், முற்றிலும் செயலிழந்த புள்ளி ‘டெட் பிக்சல்’ என்றும் கடைகளில் வழங்கப்படுகின்றன. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கிய பின், கடலூர் மாவட்டத்தில் அதுவரை கணினியே இல்லாத பல வீடுகளுக்கும் எல்.சி.டி. திரை வந்து சேர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தில் மாணவர் கூட்டமும் மடிக்கணினிப் புழக்கமும் அதிகம். இத்தகைய திரைகள் எல்லாவற்றிலும் வரக்கூடியது இக்குறை.

1366 × 768 அளவுள்ள மடிக்கணினித் திரையில் 10,49,088 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு துணைப்புள்ளிக்கும் கண்ணாடியின் மேல் படியவைத்த ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. பின்னாலிருந்து வரும் ஒளியை எவ்வளவு விடுவது என்பதை அதன் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. ஆக, இத்திரை குறையின்றி இயங்க 31 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் ஒன்று விடாமல் வேலை செய்ய வேண்டும். தயாரிப்பின்போது விழும் ஒரு தூசு போதும், ஒன்று கெட்டுப்போக.

கறுப்புப் புள்ளி செத்தது, நிறப் புள்ளி சிக்கியது என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி எல்லாத் திரைக்கும் பொருந்தாது. விலை குறைந்த மடிக்கணினிகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்த டி.என். வகைப் பேனலில் மின்னழுத்தம் இல்லாதபோது ஒளி வெளியே வரும். அதனால் அதில் டிரான்சிஸ்டர் செத்தால் புள்ளி அணையாமல் எரியும். ஐ.பி.எஸ். வகையில் இது தலைகீழ்: அழுத்தம் இல்லையென்றால் இருள். டி.என். திரையில் விடாமல் எரியும் பச்சைப் புள்ளியை மென்பொருளால் மீட்டுவிடலாம் என்று நம்பி, மாற்றித் தரும் கெடுவைத் தவறவிடுவோர் இந்த வேறுபாட்டை அறிவது நல்லது.

சோதிக்கும் முறை எளிது. திரையைத் துடைத்துவிட்டு, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து வெற்றுப் படங்களை முழுத்திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வேண்டும். கறுப்பில் எரிந்த புள்ளியும் வெள்ளையில் இருண்ட புள்ளியும் தெரிந்துவிடும். திரைப்பிடிப்பு எடுத்து அதை வேறு கருவியில் பார்த்தால் இக்குறை அதில் இராது. இருந்தால் பழுது திரையில் அல்ல. மேலிருந்து கீழாக முழுக்கோடு விழுந்திருந்தால் அது தனிப் புள்ளியின் குறையன்று. பேனலின் இயக்கிச் சில்லிலோ இணைப்பு நாடாவிலோ கோளாறைத் தேட வேண்டும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. வீராணம் ஏரிப் பாசனத்தில் சம்பா நெல் நிற்கும் மழைமாதங்களில், விளக்கு போட்டால் பொடிப்பூச்சிகள் மொய்க்கும். திரையின் ஓரத்து இடுக்கு வழியாக அவற்றில் ஒன்று உள்ளே போய், ஒளியைப் பரப்பும் தாள்களுக்கிடையே நின்றால் அது அச்சு அசல் கறுப்புப் புள்ளிதான். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் படப்புள்ளி சதுரமாகவும் விளிம்பு தெளிந்தும் இருக்கும். பூச்சி ஒழுங்கற்றுத் தெரியும். உயிரோடிருந்தால் இடமும் மாறும். அதை விரலால் அழுத்தவே கூடாது. நசுங்கிய பூச்சி அங்கேயே ஒட்டிக் கறையாகிவிடும். திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கை வைத்தால் பல நேரம் தானாகவே வெளியேறும்.

சிக்கிய புள்ளியைத் தளர்த்த, அவ்விடத்தில் நிறங்களை மிக வேகமாக மாற்றிக்காட்டும் மென்பொருள்கள் உள்ளன. சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை ஓடவிடுவர். சிலவற்றில் பலிக்கிறது, பலவற்றில் இல்லை. பலித்தாலும் புள்ளி பின்னர் திரும்பி வரலாம். டிரான்சிஸ்டரே செத்திருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. ஓலெட் திரையில் கெட்ட புள்ளிக்கும் இதே நிலைதான். மெல்லிய துணி சுற்றிய முனையால் அழுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பக்கத்துப் புள்ளிகளையும் கெடுக்கக்கூடிய, உத்தரவாதத்தையே இழக்கச் செய்யக்கூடிய இம்முறையைத் தவிர்ப்பதே சரி. தொழிற்சாலையில் எரியும் புள்ளியை லேசரால் இருட்டாக்குவதும் உண்டு. அங்கும் அது உயிர்பெறுவதில்லை, கண்ணை உறுத்தாமல் மறைகிறது, அவ்வளவே.

எத்தனை புள்ளி வரை பொறுக்கலாம் என்பதற்கு 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரம் ஓர் அளவு வைத்தது, 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்தைப் பிடித்தது. பழைய தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் படப்புள்ளிக்கு எரிந்த புள்ளி 2, இருண்ட புள்ளி 2, துணைப்புள்ளிக் குறை 5 என அனுமதித்தது. நிறுவனங்கள் தத்தம் உத்தரவாத விதிகளில் தனித்தனி எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஒற்றைப் புள்ளிக்காகத் திரையை மாற்ற மறுப்பது அதனால்தான். வாங்கிய அன்றே, கடையில் நின்றபடியே ஐந்து நிறச் சோதனையையும் செய்துவிடுவது மற்றெல்லா வழியையும் விடப் பயனுள்ளது. இணையத்தில் வாங்கினால் திருப்பியனுப்பும் கெடு சில நாட்களே. பெட்டி வந்தவுடன் சோதித்துப் படமெடுத்து வைக்க வேண்டும்.

விதிப்படி மாற்றித் தர வேண்டியதை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அடுத்த படி, கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது முதல், பொருள் எந்த ஊரில் வாங்கப்பட்டிருந்தாலும் நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையிலோ இணையத்திலோ வாங்கிய சிதம்பரத்து மாணவர் கடலூர் வரை போனால் போதும், இணையவழியிலும் பதியலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில், உத்தரவாத அட்டை, புள்ளியின் தேதியிட்ட படம், நிறுவனத்தின் பதில் ஆகியவை சான்றாகும்.

உத்தரவாதம் முடிந்த திரையில் எஞ்சும் வழி பேனலை மாற்றுவது. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் 40 முனை இணைப்பும் பின்வந்தவற்றில் 30 முனை இணைப்பும் வழக்கம், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. ஓரத்தில் இருக்கும் ஓரிரு புள்ளிக்காக அந்தச் செலவு தேவையில்லை. படிக்கும்போது பார்வை விழும் நடுப்பகுதியில் எரிந்த புள்ளி என்றால் மாற்றலாம். கழற்றிய பேனல் மின்னணுக் கழிவு. பழைய குழல்விளக்குப் பின்னொளித் திரைகளில் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைக்காமல், குப்பையில் சேர்க்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும்.