சிரட்டையில் தொங்குற செடிக்கு எந்த ஊர்?

றப்பர் தோட்டத்தில் சிரட்டைக்கு இரண்டு உத்தியோகம். முதலில் மரத்தில் இருந்து பால் ஏந்தும். அங்கே ஓய்வு கிடைத்ததும் லயத்து இஸ்தோப்புக்கு வந்துவிடும். காய்ச்சின ஆணியால் அடியில் ஒரு ஓட்டை, விளிம்பில் மூன்று ஓட்டை, மூன்று கம்பி, கூரைக் கம்பில் ஒரு கொக்கி. தொங்குசட்டி ரெடி. பாலுக்குப் பிளாஸ்டிக் கப் வந்த பிறகு சிரட்டையோடு பால்மா டின்னும் யோகட் கப்பும் சேர்ந்துகொண்டன. எட்டியாந்தோட்டைப் பக்கம் போனாலும் இறக்குவானைப் பக்கம் போனாலும் இந்தக் காட்சி மாறாது.

எங்கள் குழுவில் சிலர் இந்த லயங்களில்தான் வளர்ந்தோம். சின்ன வயதில் தொங்குசட்டியை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தோம். போன விடுமுறையில் எங்களில் ஒருத்தியின் அம்மாயியிடம், "ஏன் அம்மாயி எல்லாத்தையும் மேல கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?" என்று கேட்டோம். "கீழ வைக்க நமக்கு ஏதுடா நெலம்?" என்றார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. லயம் என்றால் பெரும்பாலும் இதுதான் அளவு. பின்பக்கம் கொஞ்சம் மரக்கறி போட இடம் விட்ட தோட்டங்களும் உண்டு. ஆனால் மண் தோட்டத்துடையது. தொரைமார் காலத்தில் கம்பனிக்காரனுடையது, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு அரசாங்கத்துடையது, 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளின் கைக்குப் போனது. மண்ணுக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது, லயத்துக்காரர் கைக்கு மட்டும் வரவில்லை. கொக்கி மாட்டக் காணி உறுதி வேண்டாமே.

அந்த றப்பரும் சட்டியில் வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தது 2,700 அளவுதான். சுமார் 1,900 கன்றுகள் அதே வருடம் 'வார்டியன் பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. கேகாலையும் இரத்தினபுரியும் பிறகு றப்பர் நாடாக மாறின. தமிழ்நாட்டில் இருந்து வந்த நம்ம ஆட்களுக்குக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் இல்லை. வந்து சேர்ந்த கன்றுகளை எண்ணி எழுதி வைத்தார்கள். வழியில் செத்த மனுசரை அந்தக் கவனத்தோடு யாரும் எண்ணவில்லை.

அம்மாயியின் இஸ்தோப்பில் மூன்று வகைச் சதைச்செடி தொங்குகிறது. ஒன்று பத்துமணிப்பூ, தென்னமெரிக்காக்காரி. வெயில் ஏறினால்தான் பூ விரியும். இரண்டாவது, பச்சைப் பட்டாணியை நூலில் கோர்த்த மாதிரி தொங்குகிற முத்துமாலைச் செடி, தென்னாபிரிக்கப் பக்கத்துச் சொந்தம். மூன்றாவதை நாங்கள் 'நூடில்ஸ் செடி' என்போம். இலை கிடையாது, முள்ளும் கிடையாது. மெல்லிய பச்சைத் தண்டுகள் ஒன்றோடொன்று மூட்டுப் போட்டுக் கீழே இறங்கும். கண்ணாடி மணி மாதிரி சின்ன வெள்ளைப் பழம் காய்க்கும்.

எங்களைக் கொஞ்ச நாள் தூங்கவிடாமல் பண்ணியது இந்த மூன்றாவதுதான். இதன் பெயர் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. முள் இல்லாவிட்டாலும் இது கள்ளிக் குடும்பம். உலகத்தில் கள்ளிக் குடும்பத்துச் செடிகள் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம்ம சப்பாத்திக்கள்ளிகூட மனுசர் கொண்டுவந்ததுதான். விதிவிலக்கு இந்த ஒரே இனம். அமெரிக்காவோடு ஆபிரிக்கா, மடகஸ்கர், இலங்கை என்று இந்தப் பக்கத்திலும் காட்டு மரங்களில் தொற்றித் தானாக வளர்கிறது. 1788இல் கார்ட்னர் என்ற ஜெர்மானியர் ரிப்சாலிஸ் என்று பெயர் வைத்தார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி திரிமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைநூலிலும் இது இருக்கிறது.

அப்படியென்றால் இங்கே எப்படி வந்தது? பழம் பசை மாதிரி ஒட்டும், பறவை தின்று விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள் ஒரு பகுதியினர். கப்பல்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள் வேறு சிலர். கண்டங்கள் பிரிவதற்கு முன்பே இருந்தது என்ற வாதமும் இருந்தது. ஆனால் கள்ளிக் குடும்பத்துக்கே அவ்வளவு வயது இல்லை என்று தெரிந்ததும் அது அடங்கிப்போனது. ஆபிரிக்கா, மடகஸ்கர் பக்கச் செடிகளில் குரோமோசோம் தொகுதிகள் இரட்டித்திருப்பதால், நேற்று முந்தாநாள் வந்தது இல்லை என்று நினைக்க இடமிருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்காக யாரும் அதைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றவும் இல்லை.

மனுசருக்குச் சட்டம் வேறு மாதிரி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கேயே பிறந்தவருக்கும் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பூட்டனின் பிறப்புப் பத்திரம் எந்த லயத்தில் இருந்தது? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அம்மாயியின் அண்ணன் குடும்பம் கப்பலேறியபோது தகரப் பெட்டியில் என்னென்ன போனது என்று கேட்டோம். பாத்திரம், சாமி படம், அப்புறம் ஈரத்துணியில் சுத்தின ஒரு பிடி பத்துமணிப்பூத் தண்டு என்றார். அது அங்கே பிழைத்ததா என்று அவருக்குத் தெரியாது.

சரி, வளர்க்கிற விசயத்துக்கு வருவோம். கேட்டு வைத்தது வீணாகக் கூடாது. சதைச்செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீரால் சாவதுதான் அதிகம். இரத்தினபுரியில் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால், பால்வெட்டும் நிற்கும், பேரும் போகும், கீழே வைத்த செடியின் வேரும் அழுகும். அதனால் கூரை ஓரத்துக்கு உள்ளே தொங்குவதில் நிலமில்லாத கதையோடு ஒரு கெட்டித்தனமும் இருக்கிறது. காற்றுப் படும், சாரல் படாது.

அம்மாயியின் கலவை: ஒரு பங்கு மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு உடைத்த அடுப்புக்கரியும் தும்புத் துண்டும். வெட்டின தண்டை உடனே நடக்கூடாது. இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். விரலை விட்டுப் பார்த்து உள்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். பத்துமணிக்கு முழு வெயில் வேண்டும், முத்துமாலைக்குக் காலை வெயில் போதும். நூடில்ஸ் செடி இந்த இரண்டு மாதிரியும் இல்லை. மழைக்காட்டு மரத்தில் வாழ்கிறது என்பதால் நிழல் கேட்கும், முழுசாகக் காயவிட்டால் தண்டு சுருங்கும். மண்ணைக் குறைத்துத் தும்பையும் கரியையும் கூட்டினால் சந்தோசமாக இறங்கும். மூன்றையும் ஒரே வாளியில் ஒரே நேரத்தில் குளிப்பாட்டித்தான் நாங்கள் முதல் தடவை இரண்டைக் கொன்றோம்.

இன்னொன்று, சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும், பின்னாலேயே பீ.எச்.ஐ. ஐயாவும் வருவார்.

வரும்போது அம்மாயி மூன்றிலும் ஒவ்வொரு தண்டு வெட்டிப் பேப்பரில் சுத்திக் கொடுத்தார். பேராதனை விடுதி ஜன்னல் கம்பியில் இப்போது மூன்று சிரட்டை தொங்குகிறது. முத்துமாலை மூன்றாம் வாரமே வாடிவிட்டது. நூடில்ஸ் செடி புது மூட்டு விட்டிருக்கிறது.